அரசரைக் கடித்த வெள்ளெலி குறித்து ஆற்றுத்துறைப் படைக்கு விடுத்த ஓலை

வளம் ஓங்குக. வயல் விளைக. வழிநடப்போர் இனிது சென்று இனிது மீள்க.

தாழாநாட்டின் தனிக்குடைக்கு உரியவரும், நடந்தால் நிலம் அதிரும் நின்றால் காற்று ஒதுங்கும் என்று அவைப்புலவர்கள் பரிசில் பெற்றுப் பாடுகின்றவரும், பாயவந்த புலியை விழியாலேயே நிறுத்தியவரும் (புலி அப்போது கூண்டிற்குள் இருந்தது என்பதைப் பாட்டில் சேர்க்க இடமில்லை), முடியுடைப் பெருங்கோ அஞ்சாக்கோன் அவர்களின் திருவாணைக்கு உட்பட்டு, பெருமந்திரி அந்துவன் எழுதுவது.

நுரையாற்றுத் துறையில் பாசறை அமைத்து, வேலுக்கு எண்ணெயும் மீசைக்கு நெய்யும் குறைவற இட்டுக்கொண்டிருக்கும் எல்லைப்படைத் தலைவரும், என் இல்லாளின் உடன்பிறந்த இளவலுமாகிய மைத்துனர் வேலங்கொற்றனார் திருமுன் இவ்வோலைக்கட்டு சேர்க. உம் யானைகள் நலமா? குதிரைகள் நலமா? துறைநீர் குடித்த வீரர்களின் வயிறு தேறியதா? துறையின் இருகரையிலும் நிற்கும் கதிர்கள் உம் யானைகளின் காலடியில் இன்னும் சிக்காமல் இருக்கின்றனவா?

ஓலையின் முதற்பகுதி வாசிக்கப்பட்டதும் புரிந்தது புரிந்தது என்று எழுந்து வாளைத் தேடுவது உம் வழக்கம். இம்முறை அருள்கூர்ந்து உட்காரும். நாளை விடியலில், நிறைமதி மேற்கே இறங்கும் பொழுதில், முதல் அம்பை எய்து ஆற்றைக் கடக்கவேண்டும் என்பது உமக்கு முன்னர் வந்த ஆணை. அவ்வாணை நிற்குமா விழுமா என்பது இக்கட்டின் கடைசி ஓலையில் இருக்கும். அதை இப்போதே உருவிப் பார்க்கவேண்டா. அதை நான் இன்னும் எழுதவில்லை. எழுதப்போவது என்னவென்று எனக்கே தெரியாது. உம்மிடம் வரவேண்டிய குதிரைவீரன் முற்றத்தில் நிற்கிறான், அவன் குதிரை கற்றரையைக் குளம்பால் தட்டிக்கொண்டே இருக்கிறது, இங்கே என் கால்களும் ஓரிடத்தில் நிற்க மறுக்கின்றன. ஒரு வரி கீறுகிறேன், எழுந்துபோய்ச் சாளரத்தில் வெயில் எவ்வளவு சாய்ந்தது என்று பார்க்கிறேன், மீண்டும் வந்து கீறுகிறேன். எழுத்து அங்கங்கே ஓடினால் பொறுத்தருள்க.

நீர் புறப்பட்ட அன்று, அயல்நாட்டாரால் நம் அரசரின் குருதி சிந்தியது என்ற அளவே உமக்குச் சொல்லப்பட்டது. சிந்தச் செய்தவர் யார் என்று கேட்க நீர் நிற்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். வெள்ளெலி.

சிரிக்கவேண்டா, மைத்துனரே. அல்லது இப்போதே சிரித்து முடித்துவிட்டு மேலே கேளும்.

அக்கரையில் நுரையாற்று நாட்டை ஆளும் நறுவீ அரசியார், நின்றுபோன ஆற்றுநீர் உடன்படிக்கையை மீண்டும் பேசலாம் என்ற எண்ணத்தோடு, தம் தூதுவர் அல்லியங்கோதையாரிடம் ஓர் உயிர்ப்பரிசு கொடுத்து அனுப்பினார். ஒரு கைப்பிடியில் அடங்கும் உடல், பெயர் வெள்ளெலி ஆயினும் பொன்னிறம், வால் என்று சொல்லிக்கொள்ள ஏதோ ஒன்று, கன்னத்தின் இருபுறமும் தானியம் ஒதுக்கிவைக்கும் பை. அவர்கள் நாட்டு மலைச்சரிவில் வளையில் வாழும் எலி இனமாம். அரண்மனைப் பிள்ளைகள் இதற்கு உருண்டை என்று பெயரிட்டிருக்கிறார்கள். நம் அவையோ பரிசாக வந்ததை எலி என்றழைப்பது அரசியாருக்கு இழுக்கு என்று கருதி, நெடிய விவாதத்தின் பின், நுரையாற்று விருந்தினர் என்று வழங்க முடிவு செய்தது. ஆகவே அவைக்குறிப்புகளில் விருந்தினர் கடித்தார் என்றே காணப்படும். குழம்பவேண்டா.

உடன்படிக்கை எதனால் நின்றுபோனது என்பது உமக்குத் தெரிந்ததே. ஆயினும் ஓலைக்கு ஒழுங்கு வேண்டும் என்பதால் எழுதுகிறேன். ஆறு அவர்கள் மலையில் பிறக்கிறது. ஆதலால் அவர்கள் கலத்திலிருந்து நீர் வார்க்க, நம் அரசர் உள்ளங்கையில் ஏற்று, மதகுகளை இருநாடும் மாறிமாறித் திறப்பதாக உறுதிகூறவேண்டும். நம் அரசரின் உள்ளங்கையோ வானத்தைப் பார்த்ததே இல்லை. தாழாநாட்டு மன்னர் கொடுக்கும்போதும் கை கவிழ்ந்திருக்கும், வாங்கும்போதும் கவிழ்ந்திருக்கும். நிமிர்ந்த உள்ளங்கை இரவலனுக்கு உரியது என்பது மரபு. நம் அரசரின் பாட்டனார் மழையில் நனைந்தபோதுகூடக் கையைக் கவிழ்த்தே வைத்திருந்தார் என்று கல்வெட்டு உண்டு. இந்த ஒரு கையால் மூன்று தலைமுறையாக உடன்படிக்கை இல்லை. கோடை வந்தால் இருகரை உழவரும் மதகடியில் தடிகொண்டு ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொள்வதும், பின்பு இருவரும் ஒரே மருத்துவரிடம் கட்டுப்போட்டுக்கொள்வதும் நடந்துவருகிறது.

பரிசு ஏற்கும் நாளன்று நடந்தது இது. நல்ல நேரம் கணித்த கணியர் உச்சிவேளையைக் குறித்துக் கொடுத்தார். அவ்வுயிரோ பகலெல்லாம் உறங்கி மாலையில் விழிப்பது. அரசர் விருந்து முடித்து, எள்ளுருண்டை தின்ற விரலோடு நேரே அவைக்கு எழுந்தருளினார். சங்கு ஊதினார்கள். பெருமுரசு அறைந்தார்கள். வாழ்த்தொலி கூரையைத் தூக்கியது. கூண்டைத் திறந்தார்கள். உள்ளே வைக்கோலில் உறங்கியவர் மேல், எள்ளும் வெல்லமும் மணக்க, பருந்து இறங்குவதுபோல் ஒரு கை கவிழ்ந்து இறங்கியது. அது என்ன செய்யும்? என்னை அவ்வாறு எழுப்பினால் நானும் கடிப்பேன். உம் தமக்கை சான்று.

சிந்தியது ஒரு மாதுளை முத்தளவு. மருத்துவர் கட்டிய கட்டு தேங்காயளவு. அரசர் எழுப்பிய ஒலியைப் போர்முழக்கம் என்று புலவர் உடனே குறித்துக்கொண்டார். அருகில் நின்ற எனக்கு அது ஐயோ அம்மா என்றே கேட்டது.

அப்போது மரபுக்காவலர் நெடும்பகழியார் எழுந்தார். அவர் எழுந்தால் நாட்டுக்கு ஏதோ கேடு என்பது நீர் அறிந்ததே. அரசர் குருதியைச் சிந்தச் செய்த அயலார் எவராயினும், நிறைமதி எழும் மாலைக்குள் தாமே விரும்பி வந்து அரசரின் கையில் அடைக்கலம் புகவேண்டும், புகாவிடில் அவரை அனுப்பிய நாட்டின்மேல் விடியலில் படை செல்லவேண்டும், இதற்குக் குருதிக்கடன் என்று பெயர் என்று ஓதினார். எலிக்கும் இது பொருந்துமா என்று வினவினேன். முன்னோர் எலி நீங்கலாக என்று எங்கும் சொல்லவில்லை என்று விடை கூறினார். கொன்றுவிடலாமே என்று ஒருவர் முணுமுணுக்க, பரிசைக் கொல்வது அதனினும் பெரிய போருக்கு வழி என்று அதற்கும் மரபு இருந்தது. பிடித்துக் கையில் வைத்துக் கட்டிவிடலாமே என்றதற்கு, தாமே விரும்பி என்ற சொல்லைத் தொட்டுக்காட்டினார். இப்படித்தான் நீர் துறைக்கு அனுப்பப்பட்டீர்.

இதைப் பழக்குவது எவ்வாறு என்று தூதுவர் அல்லியங்கோதையாரை முதல்நாளே கேட்டிருந்தால் இத்தனை வேலை இல்லை. அயலாரிடம் கேட்பது இழுக்கு என்று அவை கருதியது. ஆகவே நம் வல்லவர்களை அழைத்தோம். மதயானைகளை மண்டியிடச் செய்த மதங்கவேள் அங்குசத்தோடு வந்தார். கூண்டைக் குனிந்து நோக்கி, இதன் செருக்கை ஒரு நாழிகையில் இறக்குகிறேன் என்றார். தூதுவர் தூணில் சாய்ந்து நின்று வெற்றிலை மென்றபடியே, ஐயா எந்தப் பக்கமாக ஏறி அமரப்போகிறீர்கள் என்று பணிவுடன் வினவினார். மதங்கவேளின் கட்டைவிரல் இப்போது ஆறிவருகிறது.

அடுத்து அரசர் இரும்புக் கையுறை அணிந்து கைநீட்டினார். கையுறை கிறீச்சிட, விருந்தினர் வைக்கோலுக்கடியில் புகுந்து மறுநாள்வரை முகம் காட்டவில்லை. அதன் பின்பே நான் தனியே சென்று தூதுவரிடம் கேட்டேன். அவர் சிரிக்காமல் சொன்னதற்கு இன்றும் நன்றியுடையேன். மாலையில் அது தானாக விழிக்கட்டும், மணம் ஏதுமின்றிக் கழுவிய கையை உள்ளங்கை மேலாகத் தரையோடு தரையாக வையுங்கள், ஒரு சூரியகாந்தி விதையை நடுவே இடுங்கள், மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்து, கீழே கிடக்கும் கைதான் நிலம், பின்பு காத்திருங்கள், கடித்தாலும் வெடுக்கென்று இழுக்காதீர்கள், இழுத்தால், கடித்தால் கை விலகிவிடும் என்று அது கற்றுக்கொள்ளும், எங்கள் நாட்டில் பல் விழாத பிள்ளைகளே இதைச் செய்கிறார்கள் என்றார். உள்ளங்கை மேலாகவா என்று மீண்டும் கேட்டேன். அவர் வேறெங்கோ பார்த்தபடி வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

அவையில் இதைச் சொன்னதும் எழுந்த கூச்சலை எழுத ஓலை போதாது. அரசர் எலியிடம் கையேந்துவதா என்று அலறாதவர் இல்லை. இறுதியில் அரசரின் கைக்கு ஈடாகப் பொன்னால் ஒரு கை வார்த்து, அதை நிமிர்த்தி வைக்கலாம் என்று முடிவாயிற்று. வார்த்தார்கள், வைத்தார்கள். விருந்தினர் வந்தார், மோந்தார், பொற்கையில் ஏறிச் சிறுநீர் கழித்தார், இறங்கிப் போனார். இதைத் திறை செலுத்தியதாகக் கொள்ளலாமா என்று அவை ஒரு பகல் முழுதும் ஆராய்ந்தது. பொன் அரசர் ஆகாது என்று நெடும்பகழியார் தீர்த்துவைத்தார். வாழ்நாளில் அவர் சொன்ன ஒரே நல்ல சொல் அது.

வேறு வழியின்றி அரசரைத் தனியறையில் கண்டேன். கதவு சாத்தியிருக்கும், நானும் தூதுவரும் தவிர எவரும் அறியார் என்றேன். அந்துவா, கையேந்தச் சொல்கிறாயா, அதுவும் இதனிடமா என்று கேட்டார். ஏந்தவேண்டா அரசே, கையில் விதை இருக்கிறது, கொடுப்பவர் தாங்கள், கீழிருந்து கொடுக்கிறீர்கள் அவ்வளவே என்றேன். பின்பு, துறையில் நெல் முற்றிவிட்டதா என்று வினவினார். முற்றிவிட்டது, யானைகள் அதனருகில்தான் நிற்கின்றன என்றேன். அரசர் எழுந்து தாமே கைகழுவினார். அவர் தாமே கைகழுவியதை நான் அதற்குமுன் கண்டதில்லை. செம்பை எப்படிச் சாய்ப்பது என்று சற்றுத் தடுமாறினார்.

அன்றுதொட்டு மாலைதோறும் தாழாநாட்டின் தனிக்குடை தரையில் சம்மணமிட்டு அமர்ந்தது. ஓரிடத்தில் இருந்தறியாதவர், மைத்துனரே. அவைக்கு நடுவிலேயே இருமுறை எழுந்து உலாவுகிறவர். முதல் மாலைகளில் அவர் தொடை ஆடிய ஆட்டத்தில் கூண்டே நடுங்கியது. வருகிறதா, வருகிறதா என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தார். வாயசைவும் வேண்டா என்றார் தூதுவர். ஒருநாள் மூக்கு மட்டும் வந்தது. ஒருநாள் விதையை எடுத்துக்கொண்டு ஓடிற்று. ஒருநாள் விதைக்குப் பதில் விரலை எடுத்தது. அரசர் கண்ணில் நீர் முட்டியது, பல்லைக் கடித்தார், ஆனால் கை அசையவில்லை. விரல்நுனியில் சிவப்பாக ஏதோ கசிந்தது. இன்னொரு குருதிக்கடன் எழுந்தால் இன்னொரு படைக்கு நாட்டில் ஆளில்லை. அது மருதோன்றிச் சாறு என்று குறித்துவைத்தேன். தூதுவர் தம் முன்றானையால் அதைத் துடைத்து, நல்ல நிறமாகப் பிடித்திருக்கிறது என்றார்.

ஆனால் இன்றுவரை முழுதாய் அது கையேறவில்லை. முன்கால்களை வைக்கும், பின்கால்கள் தரையிலேயே இருக்கும். இன்றும் அவ்வாறே ஆனால் அரைகுறை அடைக்கலம் அடைக்கலம் ஆகாது என்று ஓத, நெடும்பகழியார் இப்போதே அவையில் தொண்டையைச் செருமிக்கொண்டிருக்கிறார். இன்று மாலை கடைசி மாலை. மரபுப்படி இது அவை நடுவில், அனைவர் கண்ணெதிரில் நடக்கவேண்டும். கதவு திறந்தாயிற்று. அரசர் இறங்கி வருகிறார். இவ்வோலையை எடுத்துக்கொண்டு நானும் போகிறேன்.

இப்போது அவையின் தூணுக்குப் பின்னால் அமர்ந்து எழுதுகிறேன். அரசர் முடியைக் கழற்றி அரியணையில் வைத்துவிட்டார். குனிந்தால் விழும் என்பதே காரணம். அவை அதைத் துறவு என்று நினைத்துத் திடுக்கிட்டது. தரையில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். வலக்கை நீண்டு கிடக்கிறது. உள்ளங்கை நிமிர்ந்திருக்கிறது. அவையில் ஒருவர் விம்முவது கேட்கிறது. சங்கூதுவோர் பழக்கத்தால் சங்கை வாயருகே கொண்டுபோக, தூதுவர் பாய்ந்து அதன் வாயில் தம் வெற்றிலைப்பையைத் திணித்துவிட்டார். வைக்கோல் அசைகிறது. மீசை தெரிகிறது. முன்கால்

எழுத்து நடுவில் நின்றமைக்குக் காரணம், என் எழுத்தாணி ஓலையில் கீறும் ஓசை கேட்டு அது பின்வாங்கிற்று. அரசர் தரையிலிருந்தே என்னை நோக்கினார். புலியை நிறுத்தியதாகப் பாடும் அந்த விழியை இன்றுதான் மெய்யாகக் கண்டேன். எழுத்தாணியை மடியில் செருகிக்கொண்டு மூச்சையும் அடக்கி இருந்தேன். இனி எழுதுவது எல்லாம் முடிந்தபின் எழுதுவது. இதுவே கடைசி ஓலை.

வந்தது. நெடுநேரம் வரவில்லை, சாளரத்தில் செந்நிறம் மங்கிக்கொண்டே போயிற்று, நெடும்பகழியார் இருமுறை வாய்திறந்தார், அருகில் நின்ற மதங்கவேள் கட்டைவிரல் கட்டோடு இருமுறையும் அவர் வாயைப் பொத்தினார், பின்பு வந்தது. முன்கால் வைத்தது, பின்கால் வைத்தது, நாட்டை ஆளும் கையின் நடுவில் குந்தி, விதையைக் கன்னத்தில் ஒதுக்கி, முகத்தைக் கழுவிக்கொண்டது. அரசர் ஓசையின்றி அழுதார். புலவர் எதையும் குறிக்கவில்லை. அவருக்கும் கண் மறைத்திருக்கவேண்டும்.

அந்நேரம் தூதுவர் அல்லியங்கோதையார் ஒரு செம்புக்கலத்தோடு மெல்ல மண்டியிட்டு, அரசே, கை ஏற்கெனவே இவ்வாறு இருப்பதால் கேட்கிறேன், மற்றக் கையையும் ஒருகணம் இவ்வாறே வைப்பீர்களா என்று காற்றினும் மெல்லிய குரலில் வினவினார். அவை கொதித்தெழ முற்பட்டது. அரசரோ தலையையும் திருப்பாமல், எதை வேண்டுமானாலும் செய்யுங்கள், உருண்டை பயப்படாமல் செய்யுங்கள் என்று உதட்டளவில் அருளினார். இடக்கை நிமிர்ந்தது. நுரையாற்று நீர் அதில் விழுந்தது. மதகுகள் மாறிமாறித் திறப்பதென்று உறுதி கூறப்பட்டது, அதுவும் கிசுகிசுப்பாக. இடக்கையில் ஏற்பது தகாது என்று நெடும்பகழியார் மதங்கவேளின் விரலிடுக்கில் முனக, ஆற்றுக்கு இடக்கரையும் உண்டு ஐயா என்றார் தூதுவர். அவ்வளவில் மூன்று தலைமுறை வழக்கு முடிந்தது.

நறுவீ அரசியார் எத்தனையோ அழகிய கிளிகளும் மான்களும் இருக்க, உள்ளங்கையை நிமிர்த்தினாலன்றி வராத ஓர் உயிரை எதற்காகத் தேர்ந்து அனுப்பினார் என்று இப்போது எனக்கு ஓர் எண்ணம் தோன்றுகிறது. தூதுவரின் முகத்தைப் பார்த்தேன். வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இவ்வெண்ணத்தை நான் எவரிடமும் சொல்லப்போவதில்லை. நீரும் சொல்லவேண்டா.

ஆகவே ஆணை இது. முதல் அம்பு எய்யப்படாது. நாணைத் தளர்த்துக. யானைகளைக் கதிரிலிருந்து விலக்கி வரப்போடு நடத்துக. அக்கரையில் உமக்கெதிரே நிற்கும் படைத்தலைவரும் உறங்காமல்தான் இருப்பார், அவருக்கு ஆளனுப்பிச் செய்தி சொல்லி, இருவரும் ஒன்றாகக் கஞ்சி குடித்துவிட்டுப் புறப்படுக. நகருக்குள் நுழையும்போது முரசு கூடாது, கொம்பு கூடாது, வெற்றிமுழக்கம் எவ்வகையினும் கூடாது. யானைமணிகளில் பஞ்சு திணித்து, குதிரைக்குளம்பில் துணி சுற்றி வருக. நீர் வந்துசேர்வது பகலாக இருக்கும், பகலில் அது உறங்கும். போருக்குப் போய்ப் போரின்றித் திரும்பும் உம் முகத்தைக் காண உம் தமக்கை புளிச்சோறு கட்டிவைத்துக் காத்திருக்கிறாள். மீசையை நீவிவிடாமல் நேரே வீட்டுக்கு வரச் சொன்னாள்.

குதிரைவீரன் கையை நீட்டுகிறான், கட்டி முடிக்கிறேன். கடைசியாக ஒன்று. இவ்வோலையின் அடியில் அரச முத்திரை கோணலாகவும் பாதி அழிந்தும் இருப்பதைக் கண்டு போலியோலை என்று ஐயுற்று அம்பை எய்துவிடவேண்டா. அரசர் இடக்கையால் பதித்தது. வலக்கையில் அது சுருண்டு கண்ணயர்ந்துவிட்டது. தாழாநாட்டின் தனிக்குடைக்கு உரிய பெருங்கோ அஞ்சாக்கோன் அவர்கள் இன்னும் தரையிலேயே இருக்கிறார். இங்கே எவரும் இரைந்து பேசுவதில்லை.

இவ்வாணை நிலைக்க. ஆறு ஓடுக. மெல்ல வருக.